விளையாட்டுத் திடலும் தலைமைத்துவமும்: புலம்பெயர் இளையோருக்கும் பெற்றோருக்கும் சில பாடங்கள்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் பங்கேற்ற ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பிள்ளைக்கு 14 அல்லது 15 அகவை ஆகும்போது ஒரு முடிவு எடுக்கப்படுகின்றது. பொதுத் தேர்வு நெருங்குகின்றது. அதுவரை சனிக்கிழமை காலையில் உதைபந்தாட்டத் திடலுக்கோ நீச்சல் தடாகத்திற்கோ சென்றுவந்த பிள்ளை, அதே சனிக்கிழமை காலையில் மேலதிக வகுப்பிற்கு அனுப்பப்படுகின்றது. பெண்பிள்ளையாயின் இம்முடிவு இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுவதும் உண்டு. இதனைக் கொடுமை என்று எவரும் சொல்லிவிட முடியாது. வீட்டையும் நிலத்தையும் இழந்து, கையில் ஒரு பையுடன் அந்நிய விமான நிலையங்களில் வந்திறங்கிய தலைமுறை, எவராலும் பறிக்க முடியாத செல்வம் கல்வி ஒன்றே என்று அனுபவத்தால் அறிந்த தலைமுறையாகும். அதன் அச்சம் நியாயமானது.

எனினும் அந்த அச்சத்தின் விலை என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்த்தல் வேண்டும். மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பெருந்தொகையாக உருவாகியுள்ளனர். ஆனால் ஒரு குழுவை வழிநடத்துதல், பிறரை நம்பிப் பொறுப்பை ஒப்படைத்தல், தோல்வியின் மறுநாள் அதே இடத்திற்குத் திரும்பி வருதல், உரிய வேளையில் இளையவருக்கு இடம்விட்டு நகர்தல் ஆகிய பண்புகள் எந்தத் தேர்வு மண்டபத்திலும் கற்பிக்கப்படுவதில்லை. தொழில் தொடங்குவோருக்கும், பணியிடத்தில் உயர்பதவியை நாடுவோருக்கும், ஊர்ச் சங்கத்தையும் தமிழ்ப் பாடசாலையையும் நடத்துவோருக்கும் தேவைப்படுபவை இவையே. இவற்றைக் குறைந்த செலவில், குறைந்த ஆபத்துடன், இளமையிலேயே பழகிக்கொள்ளக்கூடிய இடம் விளையாட்டுத் திடல் ஆகும்.

எதிர்வீரசிங்கம் பாய்ந்த உயரம்

விளையாட்டும் கல்வியும் ஒன்றையொன்று அழிக்கும் என்ற எண்ணத்திற்கு யாழ்ப்பாணமே ஒரு மறுமொழியைத் தந்துள்ளது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், 1952 ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியிலும் 1956 ஆம் ஆண்டு மெல்பேர்ண் ஒலிம்பிக் போட்டியிலும் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பில் பங்கேற்றார். இரண்டிலும் பதக்கம் கிட்டவில்லை. 1958 இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரத்தைத் தாண்டித் தங்கப் பதக்கம் வென்றார். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப் பதக்கம் அதுவேயாகும். 1962 இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் அவருக்குக் கிடைத்தது.

அதே மனிதர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பட்டம் பெற்றார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். கல்வியாளராகவும் யுனெஸ்கோ அமைப்பின் பணியாளராகவும் பல நாடுகளில் தொண்டாற்றினார். 2024 இல் அவர் மறைந்தபோது, விளையாட்டு வீரர் என்றும் கல்விமான் என்றும் இரு பெயர்களாலும் நினைவுகூரப்பட்டார்.

உயரம் பாய்தல் என்னும் விளையாட்டின் அமைப்பிலேயே ஒரு பாடம் அடங்கியுள்ளது. கம்பு ஒவ்வொரு சுற்றிலும் உயர்த்தப்படுகின்றது. ஓர் உயரத்தைத் தாண்டியவர் அடுத்த உயரத்திற்கு முயல்கின்றார். தொடர்ந்து மூன்று முறை தவறினால் போட்டி முடிந்துவிடும். ஆகவே பெரும்பாலும் தங்கம் வென்றவரும் இறுதியில் கம்பைத் தட்டி வீழ்த்தியே திடலை விட்டு வெளியேறுகின்றார். தன் எல்லை எது என்று காணும்வரை முயன்றவர் அவர். அந்த எல்லையில் நிகழும் தவறுதல் அவருக்கு இழிவாவதில்லை. நூற்றுக்கு 95 புள்ளி பெற்று வந்த பிள்ளையிடம் மீதி 5 எங்கே என்று வினவும் வீடுகளில் இந்த உண்மையை எடுத்துச் சொல்லல் வேண்டும்.

முதற்பாடம்: வெற்றி காலுறையில் தொடங்குகின்றது

எதிர்வீரசிங்கம் பயின்ற அதே லொஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநராக விளங்கியவர் ஜோன் வூடன். 1948 இல் பொறுப்பேற்ற அவர், 1964 முதல் 1975 வரையான 12 ஆண்டுகளில் 10 முறை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான தேசிய வெற்றிக் கிண்ணத்தைத் தம் அணிக்குப் பெற்றுக்கொடுத்தார். அவற்றுள் ஏழு, 1967 முதல் 1973 வரை இடைவிடாது பெற்றவை. இன்று முகாமைத்துவக் கல்வியில் அவர் பெயர் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றது.

பருவத்தின் முதல்நாள் பயிற்சியில் வூடன் கற்பித்தது பந்தை எறியும் முறையை அன்று. காலுறை அணியும் முறையை. காலுறையில் ஒரு மடிப்பு இருந்தால் பாதத்தில் கொப்புளம் உண்டாகும். கொப்புளம் உண்டானால் வீரர் பயிற்சியைத் தவறவிடுவார். பயிற்சி தவறினால் ஆட்டம் தவறும். உயர்நிலைப் பள்ளிகளில் புகழ்பெற்ற வீரர்களாக வந்து சேர்ந்தவர்களும் தரையில் அமர்ந்து, காலுறையின் மடிப்பை நீவிச் சரிசெய்யப் பழக வேண்டியிருந்தது.

தொழில் உலகிலும் பெரும் வீழ்ச்சிகள் பெரும்பாலும் சிறு மடிப்புகளிலிருந்தே தொடங்குகின்றன. அன்றாடம் எழுதப்படாத கணக்கு, உரிய நாளில் அனுப்பப்படாத விலைப்பட்டியல், மறுமொழி பெறாத வாடிக்கையாளரின் முறைப்பாடு, புதுப்பிக்கப்படாத காப்புறுதி ஆகியவை ஒவ்வொன்றும் தனித்துப் பார்க்கையில் அற்பமானவை. ஆயினும் ஓர் உணவகத்தையோ பலசரக்குக் கடையையோ மூடச் செய்வதற்கு இவை போதுமானவை. பெரிய கனவு காணும் இளையோர் பலர், அக்கனவைத் தாங்கும் சிறு ஒழுங்குகளைப் பிறர் பார்த்துக்கொள்வர் என்று எண்ணுகின்றனர். திடலில் அவ்வாறு எண்ணுவதற்கு இடமில்லை. காலுறை அவரவர் காலிலேயே இருக்கின்றது.

வூடன் கற்பித்த இன்னொன்று, வெற்றியின் இலக்கணம். எதிரணியைவிட அதிகப் புள்ளி பெறுதலை அவர் வெற்றியென்று வரையறுக்கவில்லை. தன்னால் இயன்ற மிகச் சிறந்ததை முழுமையாகச் செய்தோம் என்ற மனநிறைவையே வெற்றி என்றார். இக்கொள்கை வெறும் ஆறுதல் மொழி அன்று. பொறுப்பேற்ற பின் முதலாவது தேசியக் கிண்ணத்தை வெல்வதற்கு அவருக்கு 16 பருவங்கள் தேவைப்பட்டன. எதிர்வீரசிங்கம் அங்கு மாணவராக இருந்த காலத்தில் வூடன் இன்னும் கிண்ணம் வெல்லாத ஒரு பயிற்றுநரே. முடிவை மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால், அவரும் அவரை நியமித்தவர்களும் மனம் தளர்ந்திருப்பர். நாள்தோறும் செய்யும் செயலின் தரத்தை அளவுகோலாகக் கொண்டமையால் அவர் காத்திருக்க முடிந்தது. தொழில் தொடங்கி மூன்றாம் ஆண்டில் இலாபம் காணாது தவிக்கும் இளைஞர் ஒருவருக்கு இந்த 16 பருவங்களின் கதை பயன்படும்.

இரண்டாம் பாடம்: பந்தைக் கைமாற்றுதல்

வலைப்பந்தாட்டம் பெரும்பாலும் பெண்கள் ஆடும் விளையாட்டு என்பதால், தமிழ் ஆண்கள் அதன் விதிகளைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. தலைமைத்துவம் பயில விரும்பும் எவரும் அவ்விதிகளை ஒருமுறை ஊன்றி நோக்குதல் நன்று. ஓர் அணியில் எழுவர் ஆடுவர். ஒவ்வொருவருக்கும் திடலில் எந்தப் பகுதிவரை செல்லலாம் என்ற எல்லை வகுக்கப்பட்டுள்ளது. வளையத்தினுள் பந்தை எய்யும் உரிமை எழுவரில் இருவருக்கு மட்டுமே உண்டு. பந்தை ஏந்தியவாறு எவரும் ஓடக்கூடாது. கையில் வந்த பந்தை 3 விநாடிகளுக்குள் மற்றொருவருக்கு அளித்துவிட வேண்டும்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் இந்த விளையாட்டில் உலகப் புகழ் பெற்றவர். ஏறத்தாழ 208 சென்ரிமீற்றர் உயரமுடைய அவர், உலக வலைப்பந்தாட்ட வீராங்கனைகளுள் மிக உயரமானவராக அறியப்பட்டார். 2009, 2018, 2022 ஆம் ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் அவர் பந்தெய்பவராக ஆடினார். 2018 ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் அணி 69 இற்கு 50 என்ற கணக்கில் தோற்கடிக்கப்பட்டது. உலகக் கிண்ணப் போட்டிகளிலும் எய்த பந்துகளில் மிகப் பெரும்பாலானவற்றை அவர் வளையத்தினுள் சேர்த்தார்.

அவரது உயரம் இயற்கை அளித்த கொடை. எனினும் அவர் தாமே பந்தைக் கொண்டுசென்று எய்துவிட முடியாது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பவர் ஒருவர். அதை நடுத்திடலில் வாங்குபவர் மற்றொருவர். வட்டத்தின் விளிம்பிலிருந்து தக்க உயரத்தில், தக்க நொடியில் வீசுபவர் இன்னொருவர். அவர்களது பெயர்களைச் செய்தித்தாள் தலைப்பில் காண்பது அரிது. அவர்களுள் ஒருவர் தவறினாலும், உலகின் மிக உயரமான வீராங்கனையின் கைகள் வெறுமையாகவே இருக்கும்.

புலம்பெயர் தமிழரின் சிறுதொழில்கள் பலவற்றின் வளர்ச்சி ஏன் ஒரு கடை, இரண்டு கடைகளுடன் நின்றுவிடுகின்றது என்பதற்கு இந்த 3 விநாடி விதி ஒரு விளக்கம் தருகின்றது. உரிமையாளரே கொள்முதல் செய்கின்றார், அவரே கல்லாவில் நிற்கின்றார், அவரே கணக்கெழுதுகின்றார், இரவில் கதவைப் பூட்டுபவரும் அவரே. தொடக்கத்தில் அது கட்டாயம். அந்த உழைப்பு போற்றுதற்குரியது. ஆனால் பத்தாண்டுகள் கடந்த பின்னும் பந்தைக் கையிலேயே வைத்திருப்பவர் தலைவர் ஆகமாட்டார். களைத்துப்போன ஒரு தொழிலாளியாகவே மிஞ்சுவார். தகுதியை ஆராய்ந்து பொறுப்பை ஒப்படைத்தலைத் திருவள்ளுவர் தெரிந்துவினையாடல் என ஒரு தனி அதிகாரமாகவே வகுத்துள்ளார். ஒப்படைத்தலும் ஆளுமையின் ஓர் அங்கம் என்பது தமிழ் மரபுக்குப் புதிய கருத்தன்று.

மூன்றாம் பாடம்: தோல்வியைப் படித்தல்

தோல்வி வெற்றிக்கு முதற்படி என்று மேடைகளில் முழங்குவது எளிது. ஆனால் படிக்கப்படாத தோல்வி எதற்கும் படியாவதில்லை. அது வெறும் காயமே. தோல்வியைப் படிப்பது எவ்வாறு என்பதற்கு விசுவநாதன் ஆனந்தின் சதுரங்க வாழ்வைவிடச் சிறந்த பாடநூல் அரிது.

1995 செப்ரெம்பரில் நியூயோர்க் உலக வர்த்தக மையத்தின் உச்சித்தளமொன்றில் ஆனந்த் உலகச் சம்பியன் பட்டத்திற்காகக் கரி கஸ்பரோவை எதிர்கொண்டார். முதல் எட்டு ஆட்டங்களும் சமநிலையில் முடிந்தன. ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் வென்றார். உலகமே வியந்தது. ஆனால் அடுத்த ஐந்து ஆட்டங்களுள் நான்கில் அவர் தோற்றார், பட்டம் கைநழுவியது. வயது 25. திறமை குறைவில்லை, முன்னணியில் இருக்கும்போது எழும் நெருக்குதலைத் தாங்கும் ஆயத்தமும், எதிராளி கொண்டுவரும் புதிய திட்டங்களுக்கான மறுமொழியும் போதவில்லை.

2000 ஆம் ஆண்டில் தெகிரானில் அவர் முதன்முறையாக உலகச் சம்பியன் ஆனார். 2007 இல் மெக்சிக்கோ நகரில் மீண்டும் பட்டத்தைப் பெற்றார். 2008 இல் யேர்மனியின் பான் நகரில் விளாடிமிர் கிராம்னிக்கைச் சந்தித்தபோது, 1995 இல் அவருக்கு இல்லாதிருந்த ஆயத்தம் வெளிப்பட்டது. வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் அரசனுக்கு முன்னுள்ள சிப்பாயை நகர்த்தியே ஆட்டத்தைத் தொடங்கிவந்த ஆனந்த், அப்போட்டியில் அரசிக்கு முன்னுள்ள சிப்பாயை நகர்த்தித் தொடங்கினார். அது எதிராளி மிக நன்கு அறிந்த களம். அங்கேயே சென்று, எவரும் எதிர்பாராத வேளையில் தாக்குவதற்குப் பல மாதங்கள் தம் உதவியாளர் குழுவுடன் உழைத்திருந்தார். கறுப்புக் காய்களுடன் இரு ஆட்டங்களை வென்று, 6.5 இற்கு 4.5 என்ற கணக்கில் பட்டத்தைத் தக்கவைத்தார். தமக்குப் புகழ் தந்த கருவியையே தேவையானபோது கீழே வைக்கும் துணிவு அது. நேற்றைய விற்பனை முறையை நேற்று வென்றது என்ற ஒரே காரணத்திற்காகத் தொடரும் வணிகர்கள் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

2010 இல் சோபியா நகரில் வெசலின் டோபலோவுடனான போட்டிக்குப் புறப்பட்ட வேளையில், ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பலால் ஐரோப்பிய வான்வழிகள் மூடப்பட்டன. ஆனந்த் பிராங்பேர்ட்டிலிருந்து ஏறத்தாழ 40 மணிநேரம் தரைவழியே பயணித்துச் சோபியாவை அடைந்தார். மூன்று நாள் அவகாசம் கேட்டார். ஒரு நாளே வழங்கப்பட்டது. முதலாவது ஆட்டத்தில் தோற்றார். எரிமலையையும் அமைப்பாளர்களையும் குறைகூறிக்கொண்டிருக்க அவருக்குக் காரணம் இருந்தது. ஆயினும் இரண்டாவது ஆட்டத்திலேயே வென்று சமன்செய்தார். இறுதி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் வென்று பட்டத்தைக் காத்தார்.

2013 இல் தம் சொந்த நகரான சென்னையில், தம் மக்கள் முன்னிலையில், மக்னஸ் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அதன்பின் சில மாதங்களிலேயே, 2014 மார்ச்சில், அடுத்த போட்டியாளரைத் தெரிவுசெய்யும் சுற்றில் 44 வயதில் முதலிடம் பெற்றார். மீண்டும் கார்ல்சனிடம் தோற்றார். 2017 டிசெம்பரில் 48 வயதில் உலக விரைவுச் சதுரங்கச் சம்பியன் ஆனார். தோல்வி அவரைக் கடந்து சென்றது. அவர் அங்கேயே தங்கிவிடவில்லை.

நான்காம் பாடம்: இடம்விட்டு நகர்தல்

தலைமைத்துவத்தின் மிகக் கடினமான தேர்வு தலைவர் விலகும் நாளில் நடைபெறுகின்றது. மன்செஸ்ரர் யுனைற்றெட் உதைபந்தாட்டக் கழகத்தை 1986 முதல் 2013 வரை நடத்திய சேர் அலெக்ஸ் பேர்கசன், 38 கிண்ணங்களை வென்றவர். அவரது முகாமைத்துவ முறையை ஹார்வர்ட் வணிகக் கல்லூரி ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. வந்த நாள் முதலே இளையோர் பயிற்சியில் அவர் முதலீடு செய்தார். 1992 இல் இளையோர் கிண்ணத்தை வென்ற அணியிலிருந்து கிக்ஸ், பெக்கம், பட், கரி நெவில் ஆகியோர் முதன்மை அணிக்கு உயர்ந்தனர். இதில் அவர் ஒரு முன்மாதிரி.

ஆயினும் அவர் விலகிய பின் நிகழ்ந்ததும் ஒரு பாடமே. அவரே பரிந்துரைத்த அடுத்த முகாமையாளர் பத்து மாதங்களுக்குள் பதவி நீக்கப்பட்டார். அடுத்த பத்து ஆண்டுகளில் அக்கழகம் ஒருமுறையேனும் ஆங்கிலேயச் சம்பியன் பட்டத்தை வெல்லவில்லை. இதற்குப் பல காரணங்கள் உண்டு. பழி முழுவதையும் ஒருவர்மீது சுமத்துதல் தகாது. எனினும் வீரர்களின் வழித்தோன்றல்களை உருவாக்கியதுபோல் முகாமையாளரின் வழித்தோன்றலை அந்நிறுவனம் உருவாக்கவில்லை என்பது கண்கூடு.

ஆனந்தின் வழி வேறாக அமைந்தது. 2020 டிசெம்பரில், போட்டிகளிலிருந்து முற்றாக ஓய்வுபெறும் முன்னரே, இளம் வீரர்களை வளர்க்கும் பயிற்சியகம் ஒன்றை அவர் தொடங்கினார். அதில் இணைந்தவர்களுள் சென்னையைச் சேர்ந்த குகேஷ் ஒருவர். 2023 செப்ரெம்பர் தரப்பட்டியலில் குகேஷ், 37 ஆண்டுகளாக இந்தியாவின் முதலிடத்தில் இருந்த ஆனந்தையே முந்தினார். 2024 ஏப்ரலில், தமிழர் செறிந்து வாழும் ரொறொன்ரோ நகரில் நடைபெற்ற போட்டியாளர் தெரிவுச் சுற்றில் 17 வயதில் வென்றார். அச்சுற்றின் நடுவே, ஏழாவது ஆட்டத்தில், அலிரேசா பிரூஜாவிடம் தோற்ற பின்னரே முதலிடத்தை நோக்கி எழுந்தார். 2024 டிசெம்பர் 12 ஆம் நாள் சிங்கப்பூரில், முதலாவது ஆட்டத்தில் தோற்றபோதும் டிங் லிரெனை 7.5 இற்கு 6.5 என வென்று, 18 வயதில் உலகச் சம்பியன் ஆனார். அதுவரை கஸ்பரோவ் 22 வயதில் நிலைநாட்டியிருந்த சாதனை முறியடிக்கப்பட்டது. தன்னை முந்தக்கூடியவரைத் தானே வளர்த்தலைவிட உயர்ந்த தலைமைத்துவம் வேறில்லை.

புலம்பெயர் சமூகத்தின் சங்கங்களையும் ஆலய நிருவாகங்களையும் பாடசாலைகளையும் இந்த அளவுகோலால் அளந்து பார்த்தல் வேண்டும். ஒருவரே பல ஆண்டுகள் தலைவராக இருக்கும் அமைப்புகள் உள்ளன. இளையோர் வருவதில்லை என்று அங்கெல்லாம் முறையிடப்படுகின்றது. இளையோருக்கு அங்கு வழங்கப்படும் பணி கதிரை அடுக்குவதும் ஒலிபெருக்கி பொருத்துவதும் மட்டுமாயின், அவர்கள் வராமையில் வியப்பில்லை. பதினோராவது வீரராகவேனும் களமிறக்கப்படாதவர், ஒருநாள் திடீரென அணித்தலைவர் ஆகிவிட முடியாது.

விளையாட்டு கற்பிக்காதவை

விளையாட்டு எல்லா நன்மைகளின் ஊற்று என்று கொள்ளுதலும் தவறு. ஆட்டம் 90 நிமிடங்களில் முடியும். தொழிலுக்கு இறுதி ஊதல் இல்லை. ஆட்டத்தில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றாக வேண்டும். நல்ல வணிகத்தில் விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே பயனடையலாம். போட்டியாளர் அனைவரையும் பகைவராகக் காணும் மனப்பாங்கைத் திடலிலிருந்து தொழிலுக்குக் கொண்டுவருதல் கேடானது. ஒரே தெருவில் அருகருகே கடை நடத்தும் தமிழர் இருவர், விலையைக் குறைத்துக் குறைத்து இருவருமே நலிவுறுவதைவிட, மொத்தக் கொள்முதலில் கூட்டுச்சேர்தல் அறிவுடைமை.

எவ்வாறேனும் வெல்லல் என்ற வெறியின் முடிவை லான்ஸ் ஆம்ஸ்ரோங்கின் கதை காட்டுகின்றது. 1999 முதல் 2005 வரை பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற மிதிவண்டிப் போட்டியில் ஏழுமுறை தொடர்ந்து வென்ற அவரிடமிருந்து, ஊக்கமருந்துப் பயன்பாட்டிற்காக 2012 இல் அந்த ஏழு பட்டங்களும் பறிக்கப்பட்டன. உண்மையை வெளியிட முயன்றவர்கள் வழக்குகளால் அச்சுறுத்தப்பட்டனர். 2013 இல் அவரே தம் செயலை ஒப்புக்கொண்டார். அச்சத்தால் அனைவரும் மௌனம் காக்கும் அணியில் தலைவர் தவறு செய்தால் தடுத்து நிறுத்த எவரும் இருக்கமாட்டார். நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். சமூக அமைப்புகளுக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மேலும், பிள்ளையை இழிவுபடுத்தும் பயிற்றுநரிடம் பொறுமை பழகட்டும் என்று விட்டுவைத்தல் கூடாது. கடுமை வேறு, கொடுமை வேறு. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் விழிப்புடன் காத்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் இளையோர்க்கும்

பெற்றோர் செய்யக்கூடியவை எளியவை. தேர்வு ஆண்டில் விளையாட்டை அடியோடு நிறுத்துவதற்குப் பதிலாக, வாரத்தில் ஒரு பயிற்சியையேனும் விட்டுவைக்கலாம். ஆட்டம் முடிந்து வரும் பிள்ளையிடம் வென்றாயா என்று கேட்பதற்கு முன்னர், இன்று எதைப் புதிதாக முயன்றாய் என்று கேட்கலாம். திடலின் ஓரத்தில் நின்று நடுவரை ஏசாதிருக்கலாம். நடுவரின் பிழையான தீர்ப்பை ஏற்று ஆட்டத்தைத் தொடரும் பிள்ளை, பணியிடத்தில் நேரும் அநீதியை நிதானத்துடனும் உரிய வழியிலும் எதிர்கொள்ளும் ஆற்றலைப் பெறுகின்றது. மகனுக்கு வழங்கும் திடலை மகளுக்கும் வழங்கலாம். ஆண்களை மட்டும் கொண்டு ஒரு சமூகத்தின் தலைமைத்துவத்தை நிரப்ப எண்ணுதல், எழுவர் ஆடவேண்டிய திடலில் மூவரையோ நால்வரையோ இறக்குவதற்கு ஒப்பாகும்.

இளையோருக்கும் ஒரு கடமை உண்டு. ஆடுவதுடன் நின்றுவிடாது, அணியை நடத்தவும் பழகுதல் வேண்டும். அணியின் வரவுசெலவைப் பேணுதல், திடலை ஒதுக்கிப் பெறுதல், சிறுவர்க்கு நடுவராக நிற்றல், பழைய மாணவர் சங்க விளையாட்டு விழாவிற்கு ஆதரவாளர்களைத் திரட்டுதல் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு சிறு நிறுவனத்தை நடத்தும் பயிற்சியே. வேலைக்கான நேர்முகத் தேர்வில் தலைமைத்துவம் பற்றி வினவப்படும்போது, மனனம் செய்த மறுமொழியைவிடப் பன்னிரண்டு சிறுவர்களை மழையிலும் ஒன்றுசேர்த்து ஒரு பருவம் முழுவதும் ஆடவைத்த அனுபவம் உரத்துப் பேசும்.

சங்கங்களை நடத்தும் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் பொருந்தும். அடுத்த ஆண்டு விளையாட்டு விழாவின் பொறுப்பை, வரவுசெலவுக் கணக்குடன் சேர்த்து, 25 வயதுக்குட்பட்ட ஒரு குழுவிடம் முழுமையாக ஒப்படைத்துப் பார்க்கலாம். சில தவறுகள் நிகழும். நீர்ப்போத்தல்கள் போதாமற்போகலாம், அஞ்சலோட்டம் ஒரு மணிநேரம் பிந்தலாம். அத்தவறுகளின் விலை சிறிது. அவற்றிலிருந்து உருவாகும் அமைப்பாளர்களே, பத்தாண்டுகளின் பின்னர் தமிழ்ப் பாடசாலையையும், தொழில் நிறுவனங்களையும், ஒரு மக்களின் குரலையும் சுமந்து செல்லவிருப்பவர்கள்.